வறட்சியை வெல்லும் வெண்தும்பை

நன்றாக வெளுத்த வேட்டியைக் கண்டால், "தும்பைப் பூப் போல இருக்கிறது" என்று சொல்வது நம் வழக்கம். வெண்மைக்கு இதைவிடச் சிறந்த உவமை கிடையாது என்று நம் முன்னோர் எண்ணினர் போலும். ஆனால் அவ்வாறு சொல்லும் நாமே, வீட்டு வாசலிலோ பள்ளி மைதானத்திலோ அச்செடி தலைகாட்டினால், 'களை' என்று வேரோடு பிடுங்கி எறிந்துவிடுகிறோம். தண்ணீரும் எருவும் கேளாமல், யாரும் விதைக்காமல் தானே முளைக்கும் செடியாதலால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. தும்பை எப்படிப்பட்ட செடி, செஞ்சியின் கடும் வெயிலில் அது எவ்வாறு பிழைக்கிறது, தேனீக்களுக்கும் அவற்றின் வழியாக நமக்கும் அது செய்யும் உதவி யாது, அதை வளர்ப்பது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் பெருமையும்

தமிழ் இலக்கியத்தில் தும்பைக்குத் தனி இடம் உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகச் சொல்லப்படும் மலர்களுள் தும்பையும் ஒன்று. தொல்காப்பியம் புறத்திணைகளுள் ஒன்றுக்குத் தும்பைத்திணை என்றே பெயர் சூட்டியுள்ளது. மண்ணாசைக்காக அன்றி, வீரம் ஒன்றையே பொருளாகக் கொண்டு இரு வேந்தர் எதிரெதிர் நின்று பொருவது தும்பைத்திணை. அப்போரில் வீரர் தும்பைப் பூவைச் சூடினர் என்பர். பொன்னாலும் மணியாலும் அலங்கரிக்கக்கூடிய மன்னர், போர்முனைக்குச் செல்லும்போது தெருவோரச் செடியின் பூவை அடையாளமாகக் கொண்டனர் என்பது சிந்திக்கத் தக்கது.

"தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறான்" என்னும் பழமொழியில் வருவது இந்தத் தும்பை அன்று. அங்கே 'தும்பு' என்பது மாட்டைக் கட்டும் கயிறு. கயிற்றைக் கைவிட்டு வாலைப் பிடிப்பது என்பதே அதன் பொருள். தேர்வில் இதைத் தவறாக விளக்கிவிடாதீர்கள்!

கேரள மக்கள் இப்பூவைத் 'தும்ப' என்று அழைக்கின்றனர். ஓணத் திருநாளின் பூக்கோலத்தில் அதற்கு இடமுண்டு. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்றொரு கடற்கரைக் கிராமம் உள்ளது. அவ்வூரின் பெயரும் இப்பூவின் பெயரும் ஒன்றே. நம் நாட்டின் விண்வெளி முயற்சி அங்கேதான் தொடங்கியது. டாக்டர் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதன்பேரில், அங்கிருந்த புனித மகதலா மரியாள் ஆலயத்தை அந்நாளைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அவ்வாலயம் விஞ்ஞானிகளின் முதல் அலுவலகமாயிற்று. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

தாவரவியலார் தும்பைக்கு இட்ட பெயர் 'லூக்கஸ் ஆஸ்பெரா' என்பது. 'லூக்கஸ்' என்பது வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'ஆஸ்பெரா' என்றால் இலத்தீன் மொழியில் சொரசொரப்பானது. வெள்ளைப் பூவும் சொரசொரப்பான இலையும் உடையது என்று பெயரே செடியை விவரித்துவிடுகிறது. நம் பகுதியின் செடிகொடிகளை ஆராய்ந்து தொகுத்தவர்களுள் அருட்தந்தை கே. எம். மேத்யூ, சே.ச. அவர்கள் குறிப்பிடத் தக்கவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இராபினாட் தாவர உலர்தொகுப்பகத்தை நிறுவி, தமிழகத்துச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் மாதிரிகளைத் திரட்டி, 1980-களில் பெருநூல்களாக வெளியிட்டார். யாரும் பொருட்படுத்தாத பூண்டுகளைப் பற்றியும் அவர் பொறுமையாக எழுதிவைத்தார்.

செடியை அடையாளம் காண்போம்

தும்பை துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இதன் உறவினர்கள். துளசித் தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். வட்டமாக இராது, நான்கு பட்டையாக இருக்கும். தும்பையின் தண்டும் அப்படியே. ஒரு சாண் முதல் இரண்டடி வரை வளரும். இலைகள் ஒடுக்கமாக, நீண்டு, எதிரெதிராக இணை இணையாக அமைந்திருக்கும். தண்டிலும் இலையிலும் குட்டையான முரட்டு மயிர்கள் உண்டு.

தண்டின் கணுக்களிலும் நுனியிலும் பச்சை உருண்டைகள் போன்ற பூக்கொத்துகள் தோன்றும. ஒவ்வோர் உருண்டையிலும் பல சிறு குழல்கள் நெருங்கி நிற்கும். அக்குழல்களே புல்லிவட்டங்கள். ஒவ்வொரு குழலிலிருந்தும் ஒரு வெண்பூ வெளியே எட்டிப் பார்க்கும். எல்லாப் பூவும் ஒரே நாளில் மலர்ந்துவிடா. நாளுக்குச் சில என்று மலரும். ஆகையால் ஒரே கொத்து பல நாட்களுக்குப் பூச்சிகளுக்கு உணவளிக்கிறது.

கவிழ்தும்பை என்ற வேறொரு செடியும் நம் வயற்புறங்களில் உண்டு. அதன் பூக்கள் வெளிர்நீலமாகத் தரையை நோக்கித் தொங்கும். பெயரில் தும்பை இருந்தாலும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. விதை சேகரிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெயிலை வெல்லும் வழி

செஞ்சியின் இயல்பு நமக்குத் தெரியாததன்று. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் பாறைமேல் பாறை அடுக்கியதுபோல நிற்கின்றன. பங்குனி பிறந்துவிட்டால் அப்பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடுவதில்லை. கோட்டையைக் கட்டியவர்களும் முதலில் தண்ணீரைப் பற்றியே கவலைப்பட்டிருக்க வேண்டும். மலைமேல் உள்ள சுனைகளும், அடிவாரத்துச் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் அதற்குச் சான்று. 1677-இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையை, 1690 முதல் 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்தது. அத்தனை காலம் உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடிக்கச் சேமித்த நெல்லும் தேக்கிய நீரும் துணைசெய்தன. தேசிங்கு ராஜன் 1714-இல் வீழ்ந்ததும், 2025-ஆம் ஆண்டு ஜூலையில் இக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்ததும் நீங்கள் அறிந்ததே.

நம் மாவட்டத்தில் மழை அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவம் சிறிது தரும், வடகிழக்குப் பருவம் மிகுதியாகத் தரும். ஆனால் அது சீராகப் பெய்வதில்லை. 2024-ஆம் ஆண்டு இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மறுபுறம், தை முதல் வைகாசி வரை மண் புழுதியாகக் கிடக்கும். இத்தகைய இடத்தில் செடிகள் இரண்டு வழிகளில் பிழைக்கின்றன.

முதல் வழி ஆவாரையின் வழி. அது பல்லாண்டு வாழும் புதர். வேரை ஆழமாக இறக்கி, எங்கோ உள்ள ஈரத்தைத் தேடிப் பிடித்துக் கோடையிலும் நிற்கும்.

இரண்டாவது வழி தும்பையின் வழி. அது ஓராண்டுச் செடி. மழை பெய்தவுடன் முளைத்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே வளர்ந்து பூத்து விதையை முற்றவிட்டு, கோடை வருமுன் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. வாய்க்கால் ஓரம், கிணற்றடி போன்ற ஈரமான இடங்களில் ஆண்டு முழுவதும் சில செடிகளைக் காணலாம். மற்ற இடங்களில் சித்திரை வெயிலில் தும்பைச் செடியே இராது. ஆனால் தும்பை அழிந்துவிட்டது என்று பொருளில்லை. விதையாக மண்ணில் உறங்குகிறது. அவ்விதைகள் யாவும் ஒரே மழைக்கு முளைத்துவிடுவதும் இல்லை. ஆனியில் ஒரு மழை பெய்து ஏமாற்றிவிட்டால், அதை நம்பி முளைத்தவை கருகும். முளைக்காமல் காத்திருந்தவை அடுத்த மழைக்கு எழும். முற்றுகைக் காலத்துக் களஞ்சியம் போன்றது இந்த விதைச் சேமிப்பு.

செடி உயிரோடிருக்கும் காலத்திலும் அது தண்ணீரைச் சிக்கனமாகவே செலவிடுகிறது. இலை ஒடுங்கியிருப்பதால் நீராவியாகும் பரப்பு குறைவு. இலைமேலுள்ள மயிர்கள் வறண்ட காற்று நேரே உராய்ந்து செல்வதைத் தடுக்கின்றன.

இதிலிருந்து நாம் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஆவாரையை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். தும்பைக்கு அடுத்த ஆண்டு என்பது அதன் விதை மட்டுமே. பூக்கும்போதே பிடுங்கினால் அச்செடியின் வமிசம் அத்தோடு முடிந்தது. ஓரிடத்தில் ஆண்டுதோறும் இவ்வாறே செய்துவந்தால், மண்ணிலுள்ள சேமிப்பும் சிறிது சிறிதாகக் கரைந்து, அங்கே தும்பை இல்லாமற் போகும்.

பூவும் பூச்சியும்

ஒரு தும்பைப் பூவைக் கையிலெடுத்து உற்றுப் பாருங்கள். அதற்கு இரண்டு உதடுகள் உண்டு. மேலுதடு சிறியது, கூரை போல வளைந்து, வெளிப்புறம் பஞ்சு போன்ற மயிர் அடர்ந்திருக்கும். கீழுதடு பெரியது, அகன்று முன்னே நீண்டிருக்கும். மேலுதட்டின் கீழே நான்கு மகரந்தக் கேசரங்களும் சூல்முடியும் மறைந்திருக்கின்றன. குழலின் அடியில் தேன் இருக்கிறது. பூவைப் பறித்து அடிப்பகுதியை உறிஞ்சித் தேன் குடிக்கும் விளையாட்டைச் சிறுமியருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

கீழுதடு தேனீ வந்து இறங்குவதற்கான திண்ணை. தேனீ அதில் அமர்ந்து தலையை உள்ளே நுழைக்கும்போது, மேலுதட்டின் கீழுள்ள மகரந்தம் அதன் தலையிலும் முதுகிலும் படிகிறது. அடுத்த பூவுக்குச் சென்று அதே முறையில் நுழையும்போது, முதுகிலுள்ள மகரந்தம் அங்குள்ள சூல்முடியில் ஒட்டுகிறது. தேனீ தன் கால்களால் வழித்துவிடக் கடினமான இடத்தில் மகரந்தத்தைப் பூசி அனுப்பும் இந்த ஏற்பாடு வியப்புக்குரியதல்லவா? வண்ணத்துப்பூச்சிகளும் தும்பைக்கு வருகின்றன. ஆனால் அவை நீண்ட உறிஞ்சுகுழலால் எட்டித் தேனைக் குடிப்பதால், முதுகில் மகரந்தம் படிவது குறைவு. தும்பைக்குத் தேனீயே சிறந்த தூதுவன்.

தேனீ என்றவுடன் தேனடைதான் நம் நினைவுக்கு வரும். பாறை இடுக்கில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ, செடிக்கிளையில் சிறிய ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத்தேனீ, கொட்டத் தெரியாத கொசுத்தேனீ ஆகியவற்றை நாம் அறிவோம். உலகில் இதுவரை அறியப்பட்ட தேனீ இனங்கள் சுமார் 20,000. அவற்றுள் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை; அடையும் கட்டுவதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக மண்ணிலோ காய்ந்த குச்சியிலோ துளையிட்டு, மகரந்தமும் தேனும் கலந்த உருண்டையை வைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிடும்.

நம் ஊரில் எளிதாகக் காணக்கூடிய தனித்தேனீ ஒன்று உண்டு. வயிற்றில் கறுப்பும் பளபளக்கும் நீலமுமாகப் பட்டைகள் இருக்கும். ஆதலால் நீலவரித் தேனீ என்று சொல்லலாம். ஒரு பூவின் முன் அந்தரத்தில் நின்று, சட்டென்று பாய்ந்து, மீண்டும் விலகி அடுத்ததற்குப் போகும். பழைய மண்சுவர்களிலும் மேட்டு மண்ணிலும் வளை தோண்டும். மாலையில் அதன் ஆண்கள் காய்ந்த தண்டுகளைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாக உறங்கும். துளசிக் குடும்பத்துப் பூக்கள் என்றால் இத்தேனீக்கு மிகவும் விருப்பம்.

கத்தரிக்காய்க்கும் தும்பைக்கும் என்ன உறவு?

"தேனீ பிழைத்தால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் காற்றே போதும். மல்லாட்டை தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். ஆனால் பூசணி, பாகல், பீர்க்கு, தர்ப்பூசணி ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். எள்ளும் தேனீ வந்தால் நன்றாகக் காய்க்கும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது கத்தரி. கத்தரிப் பூவின் நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் வெடிப்பதில்லை. உப்புப்போடும் சீசாவைப் போல நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. சீசாவைக் குலுக்கினால்தானே உப்பு விழும்? நீலவரித் தேனீயும் பெரிய கருவண்டு போன்ற தச்சுத்தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கைத் தசைகளை வேகமாக அதிரச் செய்யும். அந்த ரீங்காரத்தில் பூ முழுவதும் குலுங்கி மகரந்தம் கொட்டும். அடை கட்டும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. காற்றசைவிலும் கத்தரி ஓரளவு காய்க்கும். ஆனால் இத்தகைய தேனீ வந்துபோன பூவில் காய்ப்பு கூடுதல். தக்காளியின் கதையும் இதுவே.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. கத்தரிப் பூவில் தேன் கிடையாது. தேனீக்கு அது தரும் கூலி மகரந்தம் மட்டுமே. மகரந்தம் குஞ்சுகளுக்கான உணவு. நாள் முழுவதும் பறக்கத் தேவையான சக்தி தேனிலிருந்தே கிடைக்கிறது. அந்தத் தேனுக்குத் தேனீ எங்கே போகும்? ஒரு ஏக்கர் முழுவதும் கத்தரி, வரப்பு முழுவதும் களைக்கொல்லி தெளித்த காய்ந்த புல் என்று இருந்தால், அங்கே நீலவரித் தேனீ எப்படிக் குடியிருக்கும்? வரப்போரத்துத் தும்பைதான் அதன் சாப்பாட்டுக் கடை. தும்பையை ஒழித்துவிட்டுக் கத்தரி சரியாகக் காய்க்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

எதைப் பிடுங்குவது, எதை விடுவது?

அப்படியானால் களையெடுக்கவே கூடாதா? அவ்வாறு சொல்லவில்லை. மல்லாட்டைக் காட்டிலும் உளுந்து வயலிலும் தும்பை மிகுந்தால் பயிருக்குரிய ஈரத்தையும் உரத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். பாத்திக்குள் முளைத்ததைச் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டியதுதான். வரப்பு, வேலியோரம், கிணற்று மேடு, மதிலோரம் ஆகிய இடங்களில் முளைத்ததை விட்டுவைக்கலாம்.

தானே முளைக்கும் எல்லாச் செடியும் காப்பாற்றத் தக்கது என்றும் எண்ணிவிடக் கூடாது. பார்த்தீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து 1950-களில் புனே நகரில் முதலில் கவனிக்கப்பட்ட அச்செடி, இன்று நாடெங்கும் பரவிவிட்டது. தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்குகிறது. அதற்கும் சிறிய வெள்ளைப் பூக்கள்தாம். ஆனால் அதன் இலை முள்ளங்கிப் பத்தை போலன்றிக் கேரட் இலை போலப் பிளவுபட்டிருக்கும்; பூக்கள் கணுவில் உருண்டையாக அமையாமல் கிளை நுனிகளில் பரந்து நிற்கும். அதைப் பூக்குமுன், கையுறை அணிந்து பெரியவர்களே பிடுங்கவேண்டும். தும்பையையும் பார்த்தீனியத்தையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வது நம் மாணவியர் ஒவ்வொருவருக்கும் அவசியம்.

வளர்க்கும் முறை

விதை சேகரித்தல்: பூத்து முடிந்த உருண்டைகள் அடியிலிருந்து மேலாகப் பழுப்பு நிறமடையும். கீழே உள்ள இரண்டு மூன்று உருண்டைகள் நன்றாகக் காய்ந்ததும், செடியைப் பிடுங்காமல் அவற்றை மட்டும் கத்தரித்து, ஒரு காகிதப் பையில் தலைகீழாகப் போட்டுத் தட்டுங்கள். ஒவ்வொரு குழலின் அடியிலும் அதிகபட்சம் நான்கு சிறு பழுப்பு விதைகள் இருக்கும். ஓரிடத்துச் செடிகளிலிருந்து எல்லா விதையையும் எடுத்துவிடாமல், பாதிக்கு மேல் மண்ணுக்கே விட்டுவிடுங்கள். கோட்டைக்குள் சேகரிக்க வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். நம் வீட்டோரமும் சாலையோரமும் கிடைப்பதே போதுமானது.

சேமித்தல்: விதையை இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பல் கலந்து, மூடியுள்ள சீசாவில் வைத்து, சேகரித்த மாதத்தை எழுதி ஒட்டுங்கள்.

இடம்: நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படும் இடம் தேவை. செம்மண், சரளை மண் எதுவானாலும் சரி. தண்ணீர் தேங்கக் கூடாது. மூன்றடி அகலத்தில் மதிலோரமாக ஒரு பட்டை போதும். எரு இட வேண்டாம். ஊட்டம் மிகுந்தால் இலை தழைத்துச் செடி சாய்ந்துவிடும்.

விதைத்தல்: "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது இதற்கும் பொருந்தும். ஆடியில் பாதி, புரட்டாசியில் மழைக்கு முன் பாதி என்று இரண்டு தவணையாக விதைத்தால் பூக்கும் காலம் நீளும். மண்ணை மேலாகக் கீறிவிட்டு, ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். ஆழப் புதைக்கக் கூடாது. இவ்வளவு சிறிய விதை ஆழத்திலிருந்து எழும்பி வர வலுவற்றது. பிறகு பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளிக்கவேண்டும்.

பராமரிப்பு: மழை இல்லையானால் முதல் இரண்டு வாரம் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். வேர் பிடித்த பின் தேவையில்லை. ஒரு சாணுக்கு ஒன்று என்று கலைத்துவிட்டு, நாலைந்து கணு வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். பூச்சிமருந்து எதுவும் அடிக்கக் கூடாது. பக்கத்துக் காய்கறிப் பாத்திக்கு மருந்து அடித்தே தீரவேண்டுமானால், தேனீக்கள் வளைக்குத் திரும்பிய பின், பொழுது சாயும் நேரத்தில் அடிக்கவேண்டும்.

அறுவடைக்குப் பின்: செடி முற்றிலும் காய்ந்து பழுத்த பின்னரே எடுக்கவேண்டும். எடுத்த செடியை அதே இடத்தில் தலைகீழாக உதறிவிட்டு அப்புறப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு விதைக்கும் வேலை இராது. பட்டையின் ஓர் ஓரத்தில் இரண்டடி இடத்தைக் கொத்தாமல், சிமெண்டு பூசாமல் வெறும் மண்ணாக விட்டுவைத்தால், தனித்தேனீக்கள் அங்கே வளை தோண்டும்.

"செடி கொடி மண்டினால் பாம்பு வருமே" என்று தாய்மார்கள் அஞ்சுவது நியாயமானதே. ஆகையால் வாசற்படியையும் நடைபாதையையும் ஒட்டி இதை வளர்க்க வேண்டாம். தும்பை முழங்காலளவுச் செடிதான். சுற்றிலும் கல், ஓடு, விறகு ஆகியவற்றைக் குவிக்காமல் வைத்திருந்தால் அச்சமின்றி வளர்க்கலாம்.

மாணவியருக்கு ஒரு சோதனை

தும்பை பூக்கும் காலத்தில் பத்துச் செடிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஐந்து செடிகளில் மொட்டாக உள்ள ஒரு கொத்துக்கு மெல்லிய கொசுவலைத் துணியால் பை கட்டிவிடுங்கள். மற்ற ஐந்தில் ஒரு கொத்துக்கு நூல் கட்டி அடையாளம் மட்டும் செய்யுங்கள். கொத்து காய்ந்ததும் ஒவ்வொரு குழலிலும் எத்தனை விதை உள்ளது என்று எண்ணிக் குறியுங்கள். ஒரு குழலுக்கு நான்குக்கு மேல் வராது என்பதால் கணக்கு எளிது. இரண்டு வகையின் சராசரியையும் ஒப்பிட்டால், தேனீயின் உழைப்பு எவ்வளவு என்று புத்தகத்தைப் பாராமல் நீங்களே சொல்லிவிடலாம். இடைவேளையில் கால் மணி நேரம் செடியருகே அமர்ந்து, எந்தெந்தப் பூச்சி எத்தனை முறை வந்தது என்று நோட்டில் எழுதி வருவதும் நல்ல பயிற்சி.

ஓர் எச்சரிக்கை

தும்பையைப் பாட்டிமார் பலவகையில் பயன்படுத்தினர். காய்ந்த செடியைப் புகைபோட்டுக் கொசு விரட்டினர். சளிக்கும் தலைவலிக்கும் கைவைத்தியம் செய்தனர். சித்த மருத்துவத்திலும் இதற்கு இடமுண்டு. ஆனால் மருத்துவரைக் கேளாமல் இலைச்சாற்றைக் கண்ணிலோ மூக்கிலோ விடக் கூடாது. குறிப்பாக, பாம்புக் கடிக்குத் தும்பைச் சாறு போதும் என்று சிலர் இன்றும் நம்புகின்றனர். இது உயிருக்கு ஆபத்தானது. பாம்பு கடித்தவரைக் காலந்தாழ்த்தாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து ஒன்றே அங்கே உயிர் காக்கும். அம்மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கிவருவது நம் மாநிலத்துக்குப் பெருமை. தும்பைக்கு நாம் செலுத்தும் மரியாதை, அதனிடம் இல்லாத சக்தியை அதன்மேல் ஏற்றுவதாக இருக்கக் கூடாது.

முடிவுரை

பெருஞ்செலவில் வெளிநாட்டுப் பூச்செடிகளை வாங்கி, நாள்தோறும் குடம் குடமாக நீர் ஊற்றி, கோடையில் அவை வாடுவதைக் கண்டு வருந்துகிறோம். ரோஜாவும் செம்பருத்தியும் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. அவற்றுக்குப் பக்கத்தில் மூன்றடி நிலத்தைத் தும்பைக்கும் ஒதுக்குவோம். விதை முற்றும்வரை பொறுத்திருப்பது ஒன்றே அது நம்மிடம் கேட்கும் பராமரிப்பு. பள்ளித் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் நாளில் மாணவியர் ஒவ்வொருவரும், "இது பூத்துவிட்டதா? விதை விழுந்துவிட்டதா?" என்று ஒரு கணம் நின்று பார்த்தபின் கை வைப்பீர்களாக. பெற்றோர்களும் தங்கள் வயல் வரப்பில் ஒரு பக்கத்தையாவது களைக்கொல்லி படாமல் விட்டுவைப்பார்களாக. வரும் ஐப்பசியில் நம் ஊர்த் தெருவோரங்களில் தும்பை வெள்ளை வெளேரென்று பூக்கட்டும். நம் தோட்டத்துக் கத்தரியும் பூசணியும் குறைவின்றிக் காய்க்கட்டும்!